‘தேவாரம்’ தேடினால் ‘தீவிரம்’ வருகிறது: ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு மின்நூலகப் பெட்டி

நூலக அறிவியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் திட்ட வேலை ஒன்று செய்தாக வேண்டும். பெரும்பாலும் ‘மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடு’ என்கிற மாதிரி ஒரு தலைப்பு, ஒரு கேள்வித்தாள், சதவீதக் கணக்கு, நான்கு வட்டப்படம், ஸ்பைரல் பைண்டிங் என்று அது முடிந்துவிடும். எனக்கு அதில் மனசு போகவில்லை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. ஒரே அறை, நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம், ஒரு நூலகர், வந்தால் வரும் வராவிட்டால் போகும் என்கிற கதியில் கைப்பேசி சிக்னல். அங்கே இணையமே இல்லாமல் ஓடுகிற ஒரு சின்ன மின்நூலகத்தை வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கைப்பேசியில் தேட வேண்டும், விக்கிப்பீடியா படிக்க வேண்டும், ஊரைப் பற்றிய பழைய மலர்களையும் சிறு நூல்களையும் திரையில் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் ஆசை.

பெட்டியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன், மொத்த வேலையில் அது கால்வாசி கூட இல்லை என்றாலும். நான்கு ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4 என்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கணினி ஒன்று (இனி ‘பை’), யூஎஸ்பியில் மாட்டுகிற எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று. பையிலேயே வைஃபை உண்டு, அதைக் கொண்டே இணைப்புக் கொடுக்கலாம்தான், ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் மொத்தமாக வந்து உட்காரும்போது அது திணறுகிறது. ரவுட்டர் தனியாக இருப்பதே மேல்.

வைத்த புதிதில் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போயிற்று. பைக்குப் போகிற மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். நூலகர் சார் உடனே, “போர் மோட்டாரெல்லாம் ஒரே நேரத்துல ஓடுதும்மா, லோ வோல்டேஜ்தான்” என்றார். எங்கள் பக்கத்தில் எது பழுதானாலும் முதலில் மாட்டுவது மோட்டார்தான். ஆனால் அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது, சுவரில் 180 வந்தாலும் அது 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். வில்லன் நடுவில் இருந்த கைப்பேசி சார்ஜர் கேபிள். மெல்லிய கம்பி, 3 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே அழுத்தம் விழுந்துவிடுகிறது. கேபிளோடு சேர்ந்தே வருகிற 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டியதும் மின்னல் நின்றது.

மின்சாரம் போவது வேறு கதை. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றால் பையின் இயங்குதளம் இருக்கிற மெமரி கார்டு கெட்டுப் போகலாம், அடுத்த முறை பெட்டி எழுந்திருக்காது. இதற்கு இரண்டு காரியம் செய்தேன். பையின் அமைப்புப் பட்டியலிலேயே ‘ஓவர்லே’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எல்லா எழுத்தும் நினைவகத்தில் நடந்து, அணைத்ததும் காணாமல் போய்விடும். புத்தகப் பட்டியல், இரவல் கணக்கு மட்டும் எஸ்எஸ்டியில் தனியாக. இரண்டாவது, நடுவில் ஒரு பவர் பேங்க். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சார்ஜ் ஏறிக்கொண்டே வெளியேயும் கொடுக்கும் என்று போட்டிருக்கிற பலவும், மின்சாரம் போகிற நொடியில் ஒரு கணம் துண்டித்துவிட்டுத்தான் மறுபடி கொடுக்கும். அந்த ஒரு கணம் போதும், பை அணைந்து மறுபடி எழும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்குவது நல்லது. ரவுட்டருக்கு, கடையில் ரவுட்டர் யுபிஎஸ் என்றே கேட்டால் கிடைக்கும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பை 4-ல் கடிகாரம் ஓட்ட பேட்டரி கிடையாது. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மின்சாரம் போய் வரும்போது போன தேதியிலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். சனிக்கிழமை எடுத்த புத்தகம் வியாழக்கிழமை எடுத்ததாகப் பதிவாகும். டிஎஸ் 3231 என்று ஒரு சின்ன கடிகார அட்டை இருக்கிறது, பட்டன் பேட்டரியோடு. அதை மாட்டினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

சரி, பெட்டி ஓடுகிறது, வைஃபை தெரிகிறது. பிள்ளைகள் சேர்ந்தார்கள், பக்கம் திறக்கவில்லை. “அக்கா, நெட் இல்லன்னு வருது” என்று ஒரே சத்தம். விஷயம் என்னவென்றால், வைஃபையில் இணையம் இல்லை என்று கைப்பேசி கண்டுகொண்டால், அது சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. அங்கே நம்முடைய முகவரி எப்படி இருக்கும்? “இந்த வைஃபையில் இணையம் இல்லை, இருந்தாலும் தொடரவா” என்று கேட்கும்போது ஆமாம் என்று தட்ட வேண்டும், இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். மேசையில் க்யூஆர் குறியோடு ஒட்டிய தாளில் பெரிய எழுத்தில் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன். இணையம் எப்போதும் இருக்கும் என்று நினைத்துச் செய்த கருவி, இணையம் இல்லாத இடத்தைப் பழுது என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடப் புத்தகங்களும் அப்படித்தான். 2018-ல் வந்த புதுப் பாடத்திட்டப் புத்தகங்களில் பாடத்துக்குள்ளேயே க்யூஆர் குறி அச்சடித்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் அதற்குள் இருக்கிற காணொளியைப் பார்க்க அப்பா வயலிலிருந்து வர வேண்டும், அவர் கைப்பேசியில் அன்றைய டேட்டா மிச்சம் இருக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவுக்குக் கிவிக்ஸ். முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமல் படிக்கத் தருகிற மென்பொருள். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு நூறு ஜிபியைச் சுற்றி வரும். ஒன்றரை லட்சம் கட்டுரையைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியா சில ஜிபியிலேயே அடங்கிவிடுகிறது. நாட்டுடைமை ஆன நூல்கள் ஏராளமாக இருக்கிற தமிழ் விக்கிமூலத்தையும் போட்டேன். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை, இறக்கினால் ஓடுகிறது, இதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

நிஜமான வேலை புத்தகப் பட்டியலில்தான் இருந்தது.

கோஹா என்கிற நூலக மேலாண்மை மென்பொருளை வைக்கலாமே என்று திட்ட நெறியாளர் கேட்டார். கோஹா நல்ல மென்பொருள்தான். நியூசிலாந்தில் ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-ல் எழுத ஆரம்பித்து, 2000-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, காசு கிடையாது, கல்லூரி நூலகத்துக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆனால் ஒரே ஆள், அந்த ஆளே கதவைத் திறந்து, பெருக்கி, பேப்பர் விரித்து, புத்தகம் கொடுத்து வாங்குகிற இடத்தில் நூல் விவரங்களைப் பதிகிற மார்க் 21 என்ற நீளமான படிவத்தை யார் நிரப்புவது? அதனால் எஸ்கியூலைட் தரவுத்தளம், அதன்மேல் பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரு தேடுபெட்டி, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

நூலகத்தில் வந்த புத்தகங்களை வரிசை எண்ணோடு பதிகிற அக்சஷன் ரிஜிஸ்டர் இருக்கிறது, தடிமனான கட்டுப் புத்தகம், முதல் பக்கங்கள் மைப்பேனாவில். அதில் ஒரு பகுதியை யாரோ எப்போதோ எக்செல்லில் ஏற்றியும் வைத்திருந்தார்கள். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துருவில் அடித்தது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னால் தமிழ்நாட்டு அச்சகங்களும் அலுவலகங்களும் இப்படித்தான் ஓடின: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு மட்டும் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே அந்தக் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எழுத்துரு இருக்கிற கணினியில் படிக்கலாம், தேட முடியாது. மாற்றித் தர என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி கருவிகள் உண்டு, ஓப்பன் தமிழ் என்கிற பைத்தான் மென்பொருள் தொகுப்பிலும் அந்த வசதி இருக்கிறது. மாற்றும்போது பார்க்க வேண்டியது, தமிழ்ப் பெயர்களுக்கு நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்கள். பட்டம், பதிப்பகப் பெயர் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். அதனால் மேலிருந்து கீழே ஓடுகிற ஒவ்வொரு நிரலாகப் பிரித்து, எழுத்துருப் பெயரை ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்து, பாமினி என்று இருந்தால் மட்டும் மாற்றும்படி எழுதினேன்.

மிச்சத்தை ரிஜிஸ்டரைப் பார்த்து அடித்தாக வேண்டும். பின்னட்டைப் பார்கோடை ஸ்கேன் செய்தால் விவரம் எல்லாம் தானாக வரும் என்று வகுப்பில் படித்தோம். 978-81, 978-93 என்று தொடங்குகிற இந்திய நூல் எண்கள் (ஐஎஸ்பிஎன்) புதுப் புத்தகங்களில் இருக்கின்றன, பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது, இருப்பதிலும் எண்ணைக் கொடுத்தால் விவரம் வருவது அபூர்வம். கையால்தான் அடித்தோம். நூலகர் சார் படிக்க நான் அடிக்க, சில நாள் வாசகர்களே வந்து படித்தார்கள்.

எல்லாம் ஏற்றி முடித்து, முதன்முதலில் ‘தேவாரம்’ என்று தேடினேன். தேவாரப் பதிப்புகள் வந்தன, கூடவே ‘தீவிரம்’ என்று பெயரில் உள்ள, சம்பந்தமே இல்லாத புத்தகமும் வந்தது. ‘காவிரி’ என்று போட்டால் கோவூர் கிழார் வருகிறார். சிரிப்பாக இருந்தாலும் காரணம் புரிய நேரம் பிடித்தது. எஸ்கியூலைட்டின் முழுஉரைத் தேடல் ஒரு வரியைச் சொல் சொல்லாக வெட்டி வைத்துக்கொள்ளும். எதை எழுத்து என்று கொள்வது, எதை இடைவெளி என்று கொள்வது என்பதற்கு யூனிகோடு வகைப்பாட்டைப் பார்க்கும். இயல்பாக அது ‘எழுத்து’, ‘எண்’ என்ற வகைகளை மட்டும் ஏற்கும். நம்முடைய கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘குறி’ என்ற வகையில் இருக்கின்றன. ஆக, அதன் கண்ணில் அவை காற்புள்ளி மாதிரி, வெட்டும் இடம். தேவாரத்தை ஏகாரக் கொம்பிலும் காலிலும் புள்ளியிலும் வெட்டிப் போட்டால் த, வ, ரம. தீவிரத்திலும் த, வ, ரம. காவிரியும் கோவூரும் க, வ, ர. ஞானசம்பந்தர் பிறந்த சீர்காழிக்குப் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்து கொண்டு இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது! சரிசெய்வது ஒரே வரிதான்: அட்டவணை உருவாக்கும்போது குறி வகைகள் இரண்டையும் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் அந்த ஒரு வரி தேவை என்பது தமிழில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுப் போகிற ஆளுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

அடுத்தது கௌரி. ‘கௌரி’ என்று தேடினால் பாதிதான் வருகிறது. மீதிப் பாதியில், அடித்தவர்கள் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள-வை அடித்திருக்கிறார்கள், ‘கெளரி’ என்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘கொ’, ‘கோ’விலும் இதே மாதிரி உண்டு, ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம், அது யூனிகோடே ஒத்துக்கொண்ட இரட்டை வடிவம், சீர்படுத்தும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் ஒன்றாகிவிடும். ள போட்ட கௌரி அதில் சிக்காது, ஏனென்றால் ள உண்மையான எழுத்து. ‘கெளுத்தி’யில் வருகிற ள நிஜமான ள, அதைத் தொட்டால் மீன் புத்தகம் காணாமல் போகும். கௌரி, கௌதமன், சௌந்தரம், பௌத்தம், மௌனம் என்று சொற்பட்டியல் போட்டு அவற்றை மட்டும் மாற்றினேன்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், டாக்டர் உ.வே.சா. என்று ஒரே ஆள் நான்கு பேராக இருந்தார். ஒருவருக்கு ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து மற்றதை எல்லாம் அதற்குக் காட்டிவிட வேண்டும், வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்த பாடம் அது. சரஸ்வதியும் சரசுவதியும் சேர வேண்டும். ‘காவிரி*’ என்று முன்பாதியை வைத்துத் தேடினால் காவிரியில், காவிரியின் எல்லாம் வந்துவிடுகின்றன, ஆனால் ‘மரம்’ போட்டால் ‘மரத்தின்’ வராது, அதற்கு மகர ஈற்றுச் சொற்களைத் தனியாகக் கவனித்தேன். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மாறி அடிப்பவர்களுக்காக, சரியான விடை எதுவும் இல்லையென்றால் மட்டும் எழுத்துமயக்கத்தை மன்னித்துத் தேடுகிற இரண்டாம் சுற்று. அப்புறம் பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில். அதற்காக ஒவ்வொரு தலைப்புக்கும் ஆங்கில எழுத்துவடிவம் ஒன்றைத் தானாக உண்டாக்கி, உயிரெழுத்து நீளத்தையும் இரட்டித்தலையும் நீக்கி, மறைவாக ஒரு நிரலில் வைத்திருக்கிறேன். தலைப்பை எப்படித் தட்டினாலும் வந்துவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், மின்மயமாக்கினால் எல்லாம் கைக்கு எட்டிவிடும் என்று ஒரு பேச்சு எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அலமாரியில் தப்பான இடத்தில் செருகிய புத்தகம் என்றைக்காவது யார் கண்ணிலாவது படும்; தூசி தட்டும்போதாவது கையில் வரும். தரவுத்தளத்தில் தப்பான எழுத்தில் கிடக்கிற புத்தகம் யார் கண்ணிலும் படாது, தேடியவர் “இங்க அது இல்லையாம்” என்று போய்விடுவார், இருந்தது என்று நூலகருக்கே தெரியாது. தஞ்சை அரண்மனையில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு பர்னல் என்கிற ஆங்கிலேய அறிஞர் போட்ட பட்டியல் 1880-ல் அச்சில் வந்தது. சுவடிகள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே இருந்தவைதான். அரண்மனைக்கு வெளியே இருந்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பட்டியல் வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதே வேலைதான், ஓலைக்குப் பதில் கோப்பு.

ஸ்கேன் செய்ததைப் பற்றி. நூலகத்து மூலையில் பழைய பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தலபுராண உரைநடைகள் ஒரு கட்டு இருந்தது, தொட்டால் உதிர்கிற தாள். உரிமையைப் பொறுத்தவரை நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அதில் அடங்காததற்குப் பள்ளியிலும் கோயிலிலும் எழுதி வாங்கினோம். கைப்பேசியை ஒரு தாங்கியில் கவிழ்த்து, வடக்குச் சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தின்மேல் கண்ணாடி வைக்காமல் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தேன். கண்ணாடி வைத்தால் டியூப் லைட் அதில் விழுந்துவிடுகிறது.

படத்தை எழுத்தாக்க டெசராக்ட். எச்பி நிறுவனத்தில் 1980-களில் தொடங்கி, 2005-ல் திறந்த மூலமாகி, இப்போது தமிழையும் படிக்கிற மென்பொருள், இணையம் வேண்டாம். 1990-களில் அச்சான மலரைக் கொடுத்தால் வரிக்கு ஒன்றிரண்டு பிழையோடு படித்துவிடுகிறது. 1960-களின் மலரைக் கொடுத்தால் அலங்கோலம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு எழுதியவை. ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு இருக்கும். பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே இந்த உருவங்களை விட்டுவிட்டார், ஆனால் மற்ற அச்சகங்கள் அதன் பிறகும் 40 ஆண்டுக்கு மேல் பழையதிலேயே ஓட்டின. இப்போதைய எழுத்தில் பழக்கிய மென்பொருளுக்கு அந்தத் தும்பிக்கை வேறு ஏதோ எழுத்து. ஒரு பக்கத்தில் ‘இல்லை’ எத்தனை முறை வரும், ‘அவனை’ ‘அதனை’ எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள், அத்தனையும் போச்சு.

முழுவதையும் திருத்த ஆள் பலம் இல்லை. அதனால் ஒரு முடிவு: பழைய மலர்களுக்குப் பக்கங்கள் படமாகவே இருக்கட்டும்; பொருளடக்கம், கட்டுரையாளர் பெயர், உள்ளே வருகிற ஊர், ஆறு, கோயில் பெயர்கள் இவற்றை மட்டும் கையால் அடித்துத் தேடலில் சேர்ப்பது. எங்கள் நெறியாளருக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை, “முழுஉரைத் தேடல் இல்லாமல் என்ன மின்நூலகம்” என்றார். என்னைக் கேட்டால், நம்ப முடியாத முழுஉரையைவிட நம்பக்கூடிய பொருளடக்கம் மேல். தேடி வருகிறவர் தாத்தாவின் பெயரையோ தெருவின் பெயரையோதான் போடுகிறார்.

செய்யறிவை, அதாவது ஏஐயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் காலத்தில் திட்ட அறிக்கையே வாங்க மாட்டார்கள். நாலாயிரம் புத்தகத்துக்கும் பொருள் தலைப்புப் போட, வீட்டு இணையத்தில் ஒரு செய்யறிவுச் செயலியிடம் தலைப்புகளை ஐம்பது ஐம்பதாகக் கொடுத்துப் பார்த்தேன். இலக்கணம், வரலாறு, மருத்துவம் என்று தெளிவானவற்றில் வேகமும் சரியும் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆசிரியர் பெயர் இல்லாத நாட்டுப்புறப் பாடல் தொகுப்புக்கு அது கேட்காமலே ஓர் ஆசிரியரை நியமித்தது. அதுவும் தயக்கமே இல்லாமல். அதனால் அதன் பரிந்துரை தனி நிரலில், சாம்பல் நிறத்தில்; நூலகர் பார்த்து ஒரு டிக் அடித்தால்தான் பட்டியலில் ஏறும். டிக் அடிக்காதவை இன்னும் நிறையக் கிடக்கின்றன, பரவாயில்லை.

பிள்ளைகளிடம் அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காவிரியின் கிளையாறுகள் என்று வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், அண்ணன் கைப்பேசியில் கேட்டு எழுதியது. பவானி, அமராவதி, நொய்யல். அழகான கையெழுத்து, அடிக்கோடு வேறு. அவை மூன்றும் மேற்கே காவிரியில் வந்து சேர்கிறவை, பிரிந்து போகிற கிளைகள் அல்ல. பாமணியாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள். “உங்க ஊர் ஆத்த ஏன் எழுதல?” என்று கேட்டேன். “அது சின்ன ஆறுக்கா, அதுல வரல” என்றாள். பெட்டியில் ‘பாமணியாறு’ என்று தேடச் சொன்னேன். 1960-களின் பள்ளி மலர் ஒன்றில், கல்லணையில் காவிரியைப் பிரிந்த வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதை அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவர் கையால் வரைந்த படத்தோடு எழுதியிருந்தார். அதைப் பார்த்து அவள் பழையதை அடித்துவிட்டு எழுதினாள். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு எல்லாம் நூலகர் சார் சொல்லச் சொல்லச் சேர்த்தது. செய்யறிவு தப்பாகச் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நாளைக்கே அது சரியாகச் சொல்லலாம். தன் ஊர் ஆறு அந்த விடையில் இல்லாதபோது அவள் விடையைச் சந்தேகப்படாமல் ஆற்றைச் சந்தேகப்பட்டாள் பாருங்கள், அங்கேதான் நூலகத்துக்கு வேலை இருக்கிறது என்று தோன்றியது.

1931-ல் இதே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டு. நூல் பட்டியல், இரவல் கணக்கு, யாருக்கு எது வேண்டும் என்கிற நினைவு இதெல்லாம் அந்த வண்டியோடும் ஒரு மனிதர் போயிருந்தால்தான் நடந்திருக்கும். நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. கௌரியைத் திருத்திக்கொண்டிருந்த இரவுகளில் அந்த விதியைத்தான் திட்டிக்கொண்டே செய்தேன்.

எது ஓடுகிறது, எது ஓடவில்லை? விக்கிப்பீடியாவைத்தான் எல்லாரும் விரும்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன், அதை வீட்டுப்பாடத்துக்கு மட்டும் திறக்கிறார்கள். அதிகம் திறக்கப்படுவது டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பழைய வினாத்தாள்கள், மாலையில் ஏழெட்டுப் பேர் அதற்காகவே வருகிறார்கள். அடுத்தது மலர்கள், அதிலும் குழுப் புகைப்படங்கள். பெரியவர்கள் வந்து ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்கிறார்கள், அதை உடனுக்குடன் அடித்துக்கொள்ள ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். மின்னூல்களைக் கைப்பேசியில் முழுவதும் படித்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. தேடிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்து, அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

பேசித் தேடும் வசதி வேண்டும் என்று பலர் கேட்டார்கள். இணையம் இல்லாமல் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க இந்தப் பையின் வேகம் போதாது; ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் நூலகர் சாரிடம் கேட்டுவிடலாம். அதைத் தள்ளி வைத்தாயிற்று.

இப்போது கையில் இருக்கிற வேலை, பழைய எழுத்துருவங்களுக்கு டெசராக்டைப் பழக்குவது. அதற்கு வரி வரியாக வெட்டிய படமும், ஒவ்வொரு வரிக்கும் பிழையில்லாமல் அடித்த உரையும் வேண்டும். 1978-க்கு முன்னால் அச்சான, உரிமைச் சிக்கல் இல்லாத எந்த நூலும் ஆகும். படத்தில் தும்பிக்கை இருந்தாலும் உரையில் இப்போதைய ‘லை’யாகவே அடிக்க வேண்டும், இல்லையென்றால் தேடலில் மறுபடி இரண்டாகப் பிரிந்து நிற்கும். மலர்களில் இருந்து வரிகளை வெட்டும் புரோகிராம் தயார், அடிக்கத்தான் ஆட்கள் வேண்டும். குரூப் 4 படிக்க வருகிறவர்களில் இரண்டு பேர் தட்டச்சுத் தேர்வுக்கும் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சிக்கு இதையே அடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நெல் நடவு முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு.